பட்டை சொல்லும் எண், மீட்டர் சொல்லும் எண்

மேசை மேல் ஒரு ரெசிஸ்டர் கிடக்கிறது. நீல நிற உடல், ஆறு மில்லிமீட்டர் நீளம், ஐந்து பட்டைகள். இடமிருந்து வலமாகப் படித்தால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. முதல் மூன்று பட்டைகள் இலக்கங்கள்: 1, 0, 0. நான்காவதான சிவப்பு, பின்னால் இரண்டு பூஜ்ஜியம் சேர் என்கிறது. ஆக 10,000 ஓம், அதாவது 10 கிலோ ஓம். கடைசிப் பழுப்பு, இந்த மதிப்பு ஒரு சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. இப்போது அதையே திருப்பிப் போட்டுப் படியுங்கள். பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு. 1, 2, 0. பின்னால் பூஜ்ஜியம் ஒன்றும் இல்லை. 120 ஓம், அதே ஒரு சதவீதம். இரண்டுமே கடையில் கிடைக்கும் மதிப்புகள். ஒன்றுக்கு மற்றது எண்பது மடங்குக்கும் மேல்.

கடைசிப் பட்டை மற்ற நான்கிலிருந்து சற்றுத் தள்ளி இருக்க வேண்டும், அல்லது கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு மில்லிமீட்டர் உடலில் ஐந்து பட்டைகளை நெருக்கி அடிக்கும்போது அந்த இடைவெளி பல நேரம் கண்ணுக்கே தெரிவதில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் குழம்புவதைவிட மல்டிமீட்டரின் இரண்டு ப்ரோப்களையும் அதன் இரு முனைகளில் வைத்தால் ஒரே நொடியில் விடை வந்துவிடும்.

அப்படியானால் பட்டை எதற்கு, எல்லாவற்றையும் அளந்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. பட்டை சொல்வது, அந்தப் பாகம் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட அன்று அதற்கு இருக்க வேண்டிய மதிப்பு. மீட்டர் சொல்வது இன்று இருக்கும் மதிப்பு. நடுவில் வெப்பம், ஈரம், மின்னல், தவறான இணைப்பு என்று எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசத்தில்தான் நாம் தேடும் செய்தி இருக்கிறது. பாகம் கெட்டிருக்கலாம், நாம் தப்பாகப் படித்திருக்கலாம், அல்லது அது நாம் நினைத்த பாகமாகவே இல்லாமல் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

நிறக் குறியீடு பிறந்தது ரேடியோவோடு. 1920களில் அமெரிக்காவில் ரேடியோப் பெட்டி வீட்டுப் பொருளாகப் பெருகியபோது ஒவ்வொரு பெட்டிக்கும் பல ரெசிஸ்டர்கள் தேவைப்பட்டன. கார்பன் தூளைப் பிசினோடு கலந்து வார்த்த சின்னச் சின்ன உருளைகள் அவை. உருளையின் மேல் எண்ணை அச்சிட்டால், பாகத்தைப் பொருத்தும்போது எண் அடிப்பக்கம் போய்விடலாம். சூட்டில் கருகி மறையலாம். விரல் பட்டு அழியலாம். சுற்றிலும் ஓடும் பட்டையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். அமெரிக்க ரேடியோ உற்பத்தியாளர் சங்கம் வகுத்த முறை கொஞ்சம் கொஞ்சமாக உலகெங்கும் பரவியது. 1952இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் அதைத் தரமாக வெளியிட்டது. இன்று அந்த ஆவணத்தின் எண் ஐஇசி 60062.

ஆரம்பத்தில் பட்டைகள் இல்லை என்பது பழைய ரேடியோக்களைத் திறப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அப்போது உடல் முழுவதற்கும் ஒரு நிறம் பூசினார்கள். அது முதல் இலக்கம். ஒரு முனையில் வேறு நிறம். அது இரண்டாவது இலக்கம். நடுவில் ஒரு புள்ளி. அது பூஜ்ஜியங்களின் எண்ணிக்கை. சிவப்பு உடல், பச்சை முனை, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 25,000 ஓம். இன்றைய பட்டை முறையைப் பழகியவர் அந்த உருளையைக் கையில் எடுத்தால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் நிற்பார். நிறங்களின் பொருள் மாறவில்லை, அவற்றைப் படிக்கும் வரிசைதான் மாறியிருக்கிறது.

நிறங்களின் வரிசை ஏனோதானோ என்று வைத்ததல்ல. சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7: வானவில்லின் வரிசையேதான், கருநீலத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் இருட்டான இரண்டு, கறுப்பு 0, பழுப்பு 1. பின்னால் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இரண்டு, சாம்பல் 8, வெள்ளை 9. இருளிலிருந்து வானவில் வழியாக வெண்மைக்கு ஏறும் படிக்கட்டு என்று பார்த்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை. நம் ஊர்ப் பாலிடெக்னிக்குகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் 'பி. பி. ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்' வாய்ப்பாட்டைவிட இது நன்றாக நிலைக்கும் என்பது என் எண்ணம். வாய்ப்பாட்டில் இரண்டு 'பி'யில் எது கறுப்பு எது பழுப்பு என்ற சந்தேகம் தேர்வறையில் வரும். வானவில்லில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

தங்க நிறமும் வெள்ளி நிறமும் தனி. பெருக்கும் பட்டையாக வந்தால் தங்கம் பத்தில் ஒன்று, வெள்ளி நூறில் ஒன்று. கடைசிப் பட்டையாக வந்தால் தங்கம் 5 சதவீதம், வெள்ளி 10 சதவீதம் என்று விலகலைச் சொல்கின்றன. கடைசிப் பட்டையே இல்லாவிட்டால் 20 சதவீதம். முதல் இலக்கமாக இவை ஒருபோதும் வருவதில்லை என்பதால் நான்கு பட்டை ரெசிஸ்டரைத் திருப்பிப் படிக்கும் ஆபத்து மிகக் குறைவு. தங்கம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு சதவீத ரெசிஸ்டர்கள் மலிந்த பிறகுதான் இரு முனைகளிலும் பழுப்பு வந்து நம்மைக் குழப்புகிறது.

இங்கே ஒரு கேள்வி பலருக்கும் எழும். மஞ்சள், ஊதா என்ற ஜோடி ஏன் எங்கு பார்த்தாலும் இருக்கிறது? 4.7 கிலோ, 47 கிலோ, 470 ஓம். 5 கிலோ ஓம் என்று நேராக ஒன்றைச் செய்யக்கூடாதா?

காரணம், ரெசிஸ்டர்களைக் கூட்டல் கணக்கில் அடுக்காமல் பெருக்கல் கணக்கில் அடுக்கியிருக்கிறார்கள். பத்து சதவீத விலகல் உள்ள ரெசிஸ்டர்களைச் செய்யும் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 10 ஓம் என்று செய்வது 11 வரை போகலாம். 12 ஓம் என்று செய்வது 10.8 வரை இறங்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. நடுவே 11 என்று தனியாக ஒன்றைச் செய்வதில் பயனில்லை. அடுத்து 39 எடுத்தால் மேலே 42.9 வரை, 47 எடுத்தால் கீழே 42.3 வரை. இங்கும் தொட்டுக்கொள்கின்றன, ஆனால் இப்போது இடைவெளி எட்டு. ஒன்றிலிருந்து பத்து வரையான தூரத்தைப் பன்னிரண்டு சம மடங்குகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் சுமார் 1.21 மடங்கு. அப்படி வந்ததுதான் இ12 என்ற வரிசை: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் மும்பை லாமிங்டன் ரோட்டில் வாங்கினாலும் இந்தப் பன்னிரண்டு எண்களும் அவற்றின் பத்தின் மடங்குகளும்தான் அதிகம் கிடைக்கும். துல்லியமாகக் கணக்குப் போட்டால் 47க்குப் பதில் 46ம், 33க்குப் பதில் 32ம், 82க்குப் பதில் 83ம் வர வேண்டும். வழக்கத்தில் ஊன்றிப்போன எண்களைத் தரம் எழுதியவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பெருக்கல் படிகளில் அளவுகளை அடுக்கும் யோசனை ரேடியோவுக்கும் முந்தியது. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்ல் ரெனார் 1870களில் பலூன்களைக் கட்டும் கயிறுகளின் அளவு வகைகளின் எண்ணிக்கையைக் குறைக்க இதே வழியைக் கையாண்டார்.

அடையாளம் தெரியாத பாகத்தைத் தேடுகிறவருக்கு இந்த வரிசை பெரிய சொத்து. இ12 எண்களை இன்னொரு முறை பாருங்கள். 4இல் தொடங்குவது ஒன்றே ஒன்று, 47. 5இல் 56 மட்டும். 6இல் 68 மட்டும். 8இல் 82 மட்டும். 7இலும் 9இலும் ஒன்றுமே இல்லை. ஆக, கருகிப்போன பத்து சதவீத ரெசிஸ்டரில் முதல் பட்டை மஞ்சள் என்று மட்டும் தெரிந்தாலே இரண்டாவது ஊதா என்று எழுதிவிடலாம். ஐந்து சதவீதத்துக்கான இ24 வரிசையில் 43, 51, 62, 75, 91 போன்றவை சேர்ந்துகொள்வதால் உறுதி கொஞ்சம் குறையும், ஆனால் முதல் இலக்கம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் சந்தேகம் இரண்டு விடைகளுக்குள் அடங்கிவிடும். முதல் பட்டை வெள்ளையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால், திருப்பிப் படிக்கிறோமோ என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். படித்து வந்த எண் எந்த வரிசையிலும் இல்லாத ஒன்றாக, உதாரணமாக 41 அல்லது 74 ஆக இருந்தால், ஏதோ ஒரு நிறத்தைக் கண் தவறாகக் கண்டிருக்கிறது.

கண் தவறுவது மிகவும் எளிது. சூடான ரெசிஸ்டரில் சிவப்பு பழுப்பாகிவிடும், ஆரஞ்சு சிவப்பை நோக்கி இருளும், வெள்ளை மஞ்சளாகும். நீல உடலின் மேல் அடித்த பட்டைகளில் பழுப்பும் சிவப்பும் அடுத்தடுத்து வந்தால் பிரித்தறிவது இன்னும் கடினம். மஞ்சள் குண்டு பல்ப் வெளிச்சத்தில் ஊதாவும் சாம்பலும் ஒன்றுபோலத் தெரியும். அதே பாகத்தை ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில் வைத்தால் வேறு நிறம் வரும். நான் பார்த்தவரையில், நிறத்தைப் படிப்பதில் வரும் பிழைகளில் பெரும்பகுதிக்கு விளக்கை மாற்றுவதே மருந்து. உயர்மின்னழுத்த ரெசிஸ்டர்கள் சிலவற்றில் தங்கத்துக்குப் பதில் மஞ்சளும் வெள்ளிக்குப் பதில் சாம்பலும் பூசுவார்கள், பூச்சில் உலோகத் துகள் கலந்திருக்கக் கூடாது என்பதற்காக. அது கண்ணின் பிழை அல்ல.

இன்னும் ஆழமான ஒரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. மற்ற மக்களிடையே விகிதம் சற்றுக் குறைவு, ஆனால் எங்கும் உண்டு. அணுக்கொள்கைக்குப் பெயர்பெற்ற ஜான் டால்ட்டனே 1794இல் தன் கண்ணின் இந்தக் குறையைப் பற்றி மான்செஸ்டரில் அறிக்கை வாசித்தார். பழுப்பு, சிவப்பு, பச்சை என்ற மூன்றையும் குழப்பிக்கொள்ளும் கண்ணுக்கு நிறக் குறியீடு என்பது பாதி அழிந்த கையெழுத்து. இப்படிப்பட்ட மாணவர்களை இந்தத் துறையே உங்களுக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதைக் கேள்விப்படும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. அவர்களிடம் கொடுக்க வேண்டியது ஒரு மல்டிமீட்டர்.

மல்டிமீட்டர் எப்படி ஓம் அளக்கிறது? உள்ளே இருக்கும் பேட்டரியிலிருந்து அளவு தெரிந்த ஒரு சிறு மின்னோட்டத்தைப் பாகத்தின் வழியாக அனுப்புகிறது; இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு மின்னழுத்தம் விழுகிறது என்று பார்க்கிறது. ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் எழுதிவைத்த விதிப்படி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் மின்தடை. ஓட்டம், அழுத்தம், தடை மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் கருவி 1923இல் இங்கிலாந்தில் வந்தது. பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்காடி வடிவமைத்த ஆவோமீட்டர். இன்று கைக்குள் அடங்கும் டிஜிட்டல் மீட்டர் அதன் வாரிசு.

மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மெகா ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளையும் ப்ரோப்களோடு சேர்த்து இரு கை விரல்களாலும் அழுத்திப் பிடித்தால், நம் உடலும் இன்னொரு ரெசிஸ்டராகப் பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. வியர்த்த கைகளுக்கு இடையே சில லட்சம் ஓம் இருக்கலாம். 1 மெகா ஓம் என்பது பாதிக்கும் கீழே இறங்கிக் காட்டும். ஒரு கையை மட்டும் படவிட்டால் போதும், பிழை மறைந்துவிடும். மறுகோடியில், ஆடியோ ஆம்ப்ளிஃபயரின் பவர் டிரான்சிஸ்டருக்கு அருகில் மஞ்சள், ஊதா, வெள்ளி என்று இருக்கும் 0.47 ஓம் ரெசிஸ்டரை அளந்தால் 0.8 என்று வரும். மீட்டரின் வயர்களே 0.3 ஓம் போல இருப்பதுதான் காரணம். முதலில் இரண்டு ப்ரோப்களையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு கழித்துவிட வேண்டும்.

போர்டிலிருந்து கழற்றாமலே அளக்கலாமா? இங்கே அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் மிகவும் பயன்படும் ஒரு தர்க்கம் இருக்கிறது. போர்டில் இருக்கும் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் வேறு பாதைகள் இருக்கும். மின்னோட்டத்துக்கு எத்தனை வழி கூடுகிறதோ அவ்வளவுக்குத் தடை குறையும், ஒருபோதும் கூடாது. ஆகவே கெபாசிட்டர்களில் மின்னேற்றம் எதுவும் மிச்சமில்லை என்று உறுதியானால், போர்டில் அளக்கும்போது வரும் எண் உண்மையான மதிப்புக்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்க முடியும். 10 கிலோ என்று பட்டை சொல்லும் இடத்தில் 6 கிலோ வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்துப் பாதை இழுத்திருக்கலாம். 14 கிலோ வந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த ரெசிஸ்டர் கெட்டுவிட்டது. ப்ரோப்களை இடம் மாற்றி வைத்ததும் எண் மாறினால், வழியில் எங்கோ ஒரு டையோடோ டிரான்சிஸ்டரோ இருக்கிறது. ஒரு காலைக் கழற்றித் தூக்கிவிட்டு அளந்தால் எல்லாக் குழப்பமும் தீரும்.

பழைய கார்பன் உருளைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் பொருந்தும். அவை ஈரத்தை உறிஞ்சும், சூட்டில் உள்ளே இருக்கும் கார்பன் துகள்களின் தொடர்பு தளரும். வருடம் போகப்போக மதிப்பு பெரும்பாலும் மேல்நோக்கியே நகரும். 220 கிலோ என்று பட்டை போட்ட ஒன்று 300ஐத் தாண்டி நிற்பது பழைய வால்வு ரேடியோக்களில் சாதாரணம். பட்டை, மீட்டர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நகர்வே தெரியும். மீட்டரை மட்டும் நம்பி 330 கிலோ வாங்கிப் போட்டால், அந்த ரேடியோ எப்படி வடிவமைக்கப்பட்டதோ அதிலிருந்து இன்னும் ஒரு படி விலகிப் போகிறோம்.

முற்றிலும் கருகி, பட்டையும் தெரியாமல், மீட்டரிலும் எண் வராமல் கிடக்கும் ரெசிஸ்டருக்கும் ஒரு வழி உண்டு. கார்பன் படலமோ உலோகப் படலமோ பீங்கான் குச்சியின் மேல் சுருளாக வெட்டப்பட்டிருக்கும். அநேகமாக அது ஓரிடத்தில்தான் அறுந்திருக்கும். மேல்பூச்சை அந்த இடத்தில் மெல்லச் சுரண்டி, அறுந்த இடத்தின் இடப்பக்க விளிம்புக்கும் இடது முனைக்கும் நடுவே ஒரு அளவு, வலப்பக்கத்தில் இன்னொரு அளவு. ஒன்று 1.9 கிலோ, மற்றது 2.6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 4.5. எரிந்துபோன துண்டின் தடை இதில் சேரவில்லை, ஆகவே அசல் மதிப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இ12 வரிசையில் அதற்கு மேலே பக்கத்தில் இருப்பது 4.7. கருகாத ஓரத்தில் துளி மஞ்சள் தெரிந்தால் விடை உறுதியாகிவிடும். பட்டை, மீட்டர், எண் வரிசை மூன்றும் தனித்தனியே அரைகுறையாகத்தான் பேசின. சேர்ந்தபோது முழு விடை வந்தது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான்.

எண்ணைப் படிப்பதற்கு முன்னால், இது ரெசிஸ்டர்தானா என்ற கேள்வி இருக்கிறது. பச்சை நிற உடல், பழுப்பு, கறுப்பு, பழுப்பு, வெள்ளி. ரெசிஸ்டராகப் படித்தால் 100 ஓம். மீட்டரில் சில ஓம்தான் வருகிறது. ஷார்ட் ஆகிவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். ரெசிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் மதிப்பு கூடும் அல்லது அறுந்துபோகும். இப்படிக் குறைவது அபூர்வம். இது 100 மைக்ரோஹென்றி காயில், அதே நிறக் குறியீட்டில், உள்ளே மெல்லிய கம்பிச் சுற்று. நடுவில் ஒரே ஒரு கறுப்புப் பட்டை உள்ள ரெசிஸ்டரில் பூஜ்ஜிய ஓம் வந்தால் அதுவும் சரிதான். இயந்திரம் எடுத்துப் பொருத்துவதற்காக ரெசிஸ்டர் உருவத்தில் செய்யப்பட்ட வெறும் ஜம்பர் கம்பி அது. பழைய கண்ணாடி டையோடுகளிலும் நிறப் பட்டைகள் உண்டு. மஞ்சள், பழுப்பு, மஞ்சள், சாம்பல் என்றால் 4148, அதாவது 1என்4148. அங்கே நிறம் சொல்வது ஓம் கணக்கை அல்ல, டையோடின் பெயரை.

தட்டையான வட்ட வில்லைகளில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. பீங்கான் கெபாசிட்டர் மேல் 104 என்று இருந்தால் 10க்குப் பின்னால் நான்கு பூஜ்ஜியம், 1,00,000 பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 471கே என்று இருந்தால் 470 பிகோஃபாரட், பத்து சதவீத விலகல். அதே 471கே, அதே போன்ற நீல வில்லையின் மேல், பவர் சப்ளையின் நுழைவாயிலில் ஃபியூஸுக்குப் பக்கத்தில் இருந்தால் அது கெபாசிட்டரே அல்ல. 470 வோல்ட் வேரிஸ்டர். மின்னல் போன்ற திடீர் அழுத்தம் வரும்போது தன்மேல் தாங்கிக்கொண்டு மற்றவற்றைக் காப்பது. எண்ணும் எழுத்தும் அச்சாக ஒன்று. ஒன்றில் பிகோஃபாரட், மற்றதில் வோல்ட். மீட்டரில் இரண்டுமே திறந்த சர்க்யூட்டாகத்தான் காட்டும், கெபாசிட்டன்ஸ் வரம்பில் இரண்டுமே சில நூறு பிகோஃபாரட் காட்டலாம். இங்கே விடை சொல்வது அது உட்கார்ந்திருக்கும் இடமும், முன்னால் இருக்கக்கூடிய 14டி போன்ற வில்லை அளவுக் குறியும்தான். அதே இடத்தில் கறுப்போ பச்சையோ ஆன இன்னொரு வில்லை இருந்து சில ஓம் காட்டினால், விரல்களுக்கு நடுவே பிடித்துச் சூடேற்றிப் பாருங்கள். எண் நகரத் தொடங்கினால் அது தெர்மிஸ்டர். வேறு எந்த எழுத்தும் தேவையில்லை.

எந்தக் கெபாசிட்டரையும் தொடுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக டிசியாக்கும் பவர் சப்ளையில் பெரிய கெபாசிட்டர் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்கவிடுவது தவறான பழக்கம். சில கிலோ ஓம் உள்ள பெரிய வாட் ரெசிஸ்டரை இரு முனைகளுக்கும் நடுவே சில நொடி பிடித்து, மீட்டரில் வோல்ட் பூஜ்ஜியத்துக்கு வந்ததைப் பார்த்த பின்பே கை வைக்க வேண்டும்.

துருவம் தெரியாமல் இணைத்தால் வெடிக்கக்கூடியவை எலெக்ட்ரோலிட்டிக் வகைகள். அலுமினிய உருளையில் ஓரமாக ஓடும் பட்டை நெகடிவ் முனையைக் காட்டும். டான்டலம் சிப்பில் இருக்கும் பட்டை பாசிட்டிவ் முனையைக் காட்டும். ஒரே போர்டில் இரண்டும் இருக்கலாம், ஒரே அடையாளம் நேர்மாறான பொருளில். டையோடின் பட்டை கேத்தோடு என்று பழகிய கண், டான்டலம் பட்டையையும் நெகடிவ் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி இணைத்த டான்டலம் சில நேரம் தீப்பிடித்தே எரியும்.

கெபாசிட்டன்ஸ் அளக்கும் வசதி மீட்டரில் இல்லையென்றாலும் கடிகாரம் போதும். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 9 வோல்ட் பேட்டரியிலிருந்து காலியான கெபாசிட்டரை ஏற்றுங்கள். மொத்த அழுத்தத்தில் 63 சதவீதம், அதாவது சுமார் 5.7 வோல்ட் வர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 10 நொடி என்றால் 100 மைக்ரோஃபாரட். 4.7 நொடி என்றால் 47. ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் நொடி வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் எது எது? பிசி547ஐத் தட்டைப் பக்கம் நம்மை நோக்க வைத்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் அதே நிலையில் எமிட்டர், பேஸ், கலெக்டர். ஜப்பானிய சி1815இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். உறை மூன்றுக்கும் ஒன்றே. பெயர் அழிந்திருந்தால் மீட்டரை டையோடு வரம்பில் வையுங்கள். எந்தக் காலிலிருந்து மற்ற இரண்டுக்கும் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை காட்டுகிறதோ அது பேஸ். அந்தக் காலில் இருப்பது சிவப்பு ப்ரோப் என்றால் என்பிஎன், கறுப்பு என்றால் பிஎன்பி. மிச்சம் இரண்டில் எது எமிட்டர் என்பதற்கு மிகச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். எமிட்டரில் மாசு அணுக்களை அதிகம் கலந்து செய்வார்கள். அதனால் பேஸ்-எமிட்டர் சந்தி, பேஸ்-கலெக்டர் சந்தியைவிடச் சில மில்லிவோல்ட் கூடுதலாகக் காட்டும். அணு அளவில் செய்த ஒரு முடிவு, மலிவு மீட்டரின் கடைசி இலக்கத்தில் வந்து நிற்கிறது.

இப்படி எல்லாவற்றையும் மீட்டர் சொல்லிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. செந்நிறக் கண்ணாடி உறையில் 1என்4148ம் அரை வாட் சீனர் டையோடும் ஒரே மாதிரி இருக்கும். டையோடு வரம்பில் இரண்டும் ஒரே 0.6, 0.7 காட்டும். பிரித்தறிய மீட்டரிடம் இருக்கும் சில வோல்ட் போதாது. 24 வோல்ட் சப்ளை, தொடரில் 4.7 கிலோ ஓம், டையோடைத் தலைகீழாக இணைத்து அதன் இரு முனைகளில் அளந்தால், 5.1 என்றோ 12 என்றோ ஓர் எண் வந்து அசையாமல் நிற்கும், அது சீனர். முழு 24ம் வந்தால் சாதாரண டையோடு, அல்லது அதற்கும் மேற்பட்ட சீனர்.

ரெசிஸ்டர் எத்தனை வாட் தாங்கும் என்பதையும் மீட்டர் சொல்லாது. உடலின் அளவைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் நீளம் என்றால் பெரும்பாலும் கால் வாட், ஒன்பது என்றால் அரை வாட். கெபாசிட்டர் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை உடைக்காமல் அளக்கவே வழியில்லை. எழுத்து அழிந்திருந்தால் அது இருந்த சர்க்யூட்டில் எவ்வளவு வோல்ட் ஓடியது என்று பார்த்து, அதற்கு மேலே தாராளமாக ஒரு தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்றைய போர்டுகளில், குறியீடு இல்லாத பாகத்தை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒட்டுச் சிப் ரெசிஸ்டர்கள் பலவற்றில் எண்ணாவது இருக்கிறது: 103 என்றால் 10 கிலோ, 4ஆர்7 என்றால் 4.7 ஓம். ஒரு சதவீதச் சிப்களில் 01சி என்று இருந்தால் 01 என்பது ஒரு சதவீத மதிப்புகளின் பட்டியலில் முதல் எண்ணான 100, சி என்பது நூறு மடங்கு. மறுபடியும் 10 கிலோ. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் பழுப்பு நிறப் பீங்கான் கெபாசிட்டர்களில் எழுத்தும் இல்லை, நிறக் குறியீடும் இல்லை. மில்லிமீட்டர் அளவில் வெறும் பழுப்புக் கட்டி. கழற்றி அளப்பது ஒன்றுதான் வழி. அங்கேயும் கவனம் வேண்டும்: அதிக கெபாசிட்டன்ஸ் தரும் பீங்கான் வகைகளுக்கு, டிசி அழுத்தம் ஏற ஏறக் கெபாசிட்டன்ஸ் குறையும் குணம் உண்டு. மீட்டர் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் அளந்து 10 மைக்ரோஃபாரட் என்று காட்டும் அதே சிப், 5 வோல்ட் லைனில் உட்கார்ந்ததும் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கக்கூடும். உறை எவ்வளவு சிறியதோ, வோல்ட் தரம் எவ்வளவு குறைவோ, பொதுவாக இறக்கம் அவ்வளவு அதிகம். அதனால் மாற்றுப் பாகம் போடும்போது, மீட்டரில் வந்த எண்ணோடு பழைய சிப்பின் நீள அகலத்தையும் குறித்துக்கொண்டு, அதே அளவிலோ ஒரு படி பெரிய அளவிலோ வாங்க வேண்டும்.